அழுகிற பிள்ளைக்குக் கதை வாசித்தால் அடங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லாஸ்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே முகம் இறுகியிருக்கும். ஷூவைக் கழற்றச் சொன்னால் ஒரு கத்தல், பாலில் ஆடை மிதந்தால் ஒரு கத்தல். அப்புறம் தரையில் புரண்டு காலை உதைத்து அழுவான். மாமியார் பாவம், சத்தம் தாங்காமல் போனைக் கொடுத்துவிடுவார். உடனே அமைதி. போனைத் திரும்ப வாங்கும்போது முன்னதைவிடப் பெரிய கத்தல்.

எங்கள் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகத்தை வாய்விட்டு வாசி, அடங்கிவிடுவான் என்றார். வாசித்தேன். புத்தகத்தைப் பிடுங்கி ஹாலுக்கு எறிந்துவிட்டான்.

இது நிஜமாகவே வேலை செய்கிறதா? எந்த நேரத்தில் வாசிக்க வேண்டும், எந்த மாதிரிப் புத்தகம், தமிழா ஆங்கிலமா? "அழுதால் கதை கிடைக்கும்னு நீயே பழக்கிவிடுறே" என்று கணவர் வேறு சொல்கிறார். அதற்கும் பதில் தெரிந்தால் நல்லது.

முத்தியால்பேட்டை மகராசி:

பாலாடைச் சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு. வடிகட்டிக் கொடுங்கள், பாதி அழுகை அங்கேயே போய்விடும். மற்றபடி கதை வாசிப்பு பற்றி எனக்குத் தெரியாது. யாராவது சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

பால்வாடி டீச்சர், கடலூர்:

புத்தகம் பறந்ததற்குக் கவலைப்படாதீர்கள் அம்மா. நீங்கள் வாசித்த நேரம்தான் சரியில்லை.

நான் பல வருடமாக அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். ஜூன் மாதம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஒன்று ஆரம்பித்தால் சும்மா விளையாடிக்கொண்டிருந்த நாலும் கூடச் சேர்ந்து அழும். அந்த வயதில் அது தொற்று.

கத்தல் வேறு, தேம்பல் வேறு என்பதை இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வோம். கத்துகிற பிள்ளைக்குள் கதை, பாட்டு, சாக்லேட் எதுவும் போகாது. அந்த நேரத்தில் பக்கத்தில் தரையில் உட்காருவேன், அவ்வளவுதான். தலையை எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வேன். "ஏன் அழுறே, யார் அடிச்சா, என்ன வேணும்" என்று கேட்க மாட்டேன். பதில் சொல்லத் தெரியாத ஆத்திரத்தில் பிள்ளை இன்னும் கத்தும். கொஞ்ச நேரத்தில் கத்தல் உடைந்து தேம்பல் வரும். மூச்சை இழுத்து இழுத்து விடும், கண் அறையைச் சுற்றும். புத்தகத்தைத் திறப்பது அப்போதுதான்.

திறந்தாலும் பிள்ளையைப் பார்த்து வாசிப்பதில்லை. எனக்கு நானே வாசிப்பதாக இருக்கும். புத்தகத்தைத் தொடைமேல் சாய்த்து, பிள்ளைக்குப் பக்கவாட்டில் படம் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வேன். வா, உட்கார், கேள் என்று எதுவும் சொல்வதில்லை. முதல் பக்கத்தில் குரல் கொஞ்சம் விறுவிறுப்பாக இருக்கலாம். பக்கம் போகப் போக வேகத்தைக் குறைத்து, வரிக்கு வரி இடைவெளி விடுவேன். எப்போதாவது ஒரு சின்ன விரல் வந்து படத்தைத் தொடும். தொட்டுவிட்டால் பிள்ளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று முக்கியம். அழுகைக்கென்று புதுப் புத்தகம் வாங்காதீர்கள். நல்ல மனநிலையில் இருக்கும்போது திரும்பத் திரும்ப வாசித்த புத்தகம்தான் அழும்போது கை கொடுக்கும். அடுத்த பக்கத்தில் பூனை வரும் என்று பிள்ளைக்குத் தெரியும், பூனையும் வரும். அது பெரிய தெம்பு. தினமும் சும்மா வாசிக்காத வீட்டில் அழும்போது மட்டும் புத்தகத்தை நீட்டினால் அது மருந்து பாட்டிலாகத்தான் தெரியும், தட்டிவிடும்.

மஞ்சக்குப்பம் அப்பா:

டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் கேட்கிறேன். போன் கொடுத்தால் லஞ்சம், கதை வாசித்தால் வைத்தியமா? இரண்டிலும் பிள்ளை அழுகிறது, பெரியவர் ஒன்றைக் கொடுக்கிறார், பிள்ளை நிறுத்துகிறது. என் மகளுக்கு ஐந்து வயது. கதை என்றால் உயிர். அதனாலேயே படுக்கப் போகும் நேரத்தில் ஒரு அழுகையைப் போட்டு இன்னொரு கதை வாங்கிவிடுவாள். லாஸ்பேட்டை அம்மாவின் வீட்டுக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து, நான் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவன். மனைவியும் வேலைக்குப் போகிறார். சாயங்காலம் ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் வீட்டுப்பாடம். தரையில் உட்கார்ந்து தேம்பல் வரும்வரை காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

வார்டு நர்ஸ்:

புதுச்சேரியில் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். டீச்சர் அனுபவத்தில் சொன்னதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் போட்டிகல், ஜேம்ஸ் கிரீன் ஆகியோர் சின்னப் பிள்ளைகளின் சட்டையில் வயர்லெஸ் மைக்கைத் தைத்து அனுப்பி, வீட்டில் அடம்பிடிக்கும்போது வரும் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். 2011ல் கட்டுரை வந்தது. கத்தலும் வீறிடலும் கோபத்தைச் சேர்ந்தவை. அழுகையும் சிணுங்கலும் துக்கத்தைச் சேர்ந்தவை. கோபம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் துக்கம் வரும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. துக்கம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது, கோபம் அதன்மேல் சட்டென்று ஏறி இறங்குகிறது. கோபம் இறங்கியதும் மிச்சமிருக்கும் துக்கம்தான் பிள்ளையை நம் மடியைத் தேட வைக்கிறது. நடுவில் கேள்வி கேட்டால் கோபம் நீளும். டீச்சர் வாயை மூடிக்கொண்டு உட்காருவது அதனால்தான் பலிக்கிறது.

கதையின் பலனைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். பிரேசிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2021ல் வெளியானது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் கதை, மற்றவர்களுக்கு விடுகதை. முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு பக்கத்திலும் மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்து, நெருக்கத்தோடு சேர்ந்த ஆக்ஸிடாசின் ஹார்மோன் கூடியிருந்தது. கதை கேட்ட பிள்ளைகளிடம் மாற்றம் அதிகம். வலி குறைந்ததும் அவர்களுக்குத்தான் அதிகம். பிறகு டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி படங்களைக் காட்டி மனதில் தோன்றுவதைச் சொல்லச் சொன்னபோது, கதை கேட்டவர்கள் நல்லவிதமாகப் பேசினார்கள். எங்களைப் பற்றிப் பிள்ளைகள் நல்லவிதமாகப் பேசுவது லேசான விஷயம் இல்லை!

ஒன்றைக் கவனியுங்கள். அது ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பிள்ளைகளிடம் செய்தது. வீட்டில் பாலாடைக்காகப் புரளும் பிள்ளைக்கும் அதே அளவு பலன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐ.வி. லைன் போட்டு முடித்த பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வாசிக்கிற பிள்ளை சீக்கிரம் தேறுவதை நாங்கள் வார்டில் அடிக்கடி பார்க்கிறோம். ஊசி குத்துகிற அந்த நிமிடத்தில் கதை சொல்லி ஏமாற்ற வேண்டாம். "குத்தும், வலிக்கும், உடனே முடிஞ்சிடும்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, கதையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு முன்னால் கதை சொல்லி ஏமாந்த பிள்ளைக்கு அடுத்த தடவை புத்தகத்தைப் பார்த்தாலே பயம் வரும்.

ஓ.டி. தாத்தா:

இத்தனை ஆராய்ச்சியும் புத்தகமும் எதற்கு? கடலூர் முதுநகரில் நாங்கள் வளர்ந்தபோது வீட்டில் ஒரு கதைப் புத்தகம் கிடையாது. ராத்திரி திண்ணையில் ஆயா கதை சொல்லும். "ஒரே ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்தால் நாங்கள் "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அழுதுகொண்டிருந்த பையனும் கதை நின்றுவிடுமே என்ற பயத்தில் அழுகைக்கு நடுவே "ம்" என்பான். நாலு "ம்" போட்டால் அழுகையைத் தொடர முடியாது, செய்து பாருங்கள்.

புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது கண் தாளில் இருக்கும். வாயால் சொன்னால் கண் பிள்ளையின் மேல் இருக்கும். இப்போதைய அப்பா அம்மாவுக்குக் கதையே தெரியாது என்பதால் புத்தகத்தை நீட்டுகிறார்கள்.

வார்டு நர்ஸ்:

ஐயா, "ம்" சங்கதி பிரமாதம். உதட்டை மூடி "ம்ம்" என்று இழுக்கும்போது மூச்சு நிதானமாக வெளியே போகிறது. வெளியே விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு தணியும். நாங்கள் வார்டில் ஊதலும் சோப்புக் குமிழியும் கொடுத்து வரவழைப்பதை உங்கள் ஆயா சும்மா வரவழைத்திருக்கிறார்.

வாசிப்பவருக்கும் இதே கதைதான். வாய்விட்டு வாசிக்கும்போது வரி முடியும்வரை மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோபத்தில் இருக்கும் அம்மா இரண்டு பக்கம் வாசித்தால் அம்மாவின் தோள் முதலில் இறங்கும், பிள்ளை அதற்குப் பிறகுதான்.

பால்வாடி டீச்சர், கடலூர்:

தாத்தா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். வாய்க்கதை சொல்ல நமக்கு மனசு தெளிவாக இருக்க வேண்டும். நாமே கொதித்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தால் என்ன கதை வரும் தெரியுமா? "ஒரு ஊர்ல ஒரு அடங்காத பையன் இருந்தானாம், அவனைப் பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போச்சாம்." கதை என்ற பெயரில் திட்டு. பிள்ளைக்கு அது உடனே புரிந்துவிடும். புத்தகத்தில் உள்ள யானைக்கும் குருவிக்கும் நம் மேல் கோபம் இல்லை. அச்சில் உள்ளதை வாசித்தால் நம் கோபம் கதைக்குள் நுழையாது. களைத்த பெரியவருக்குப் புத்தகம் அதற்காகவே வேண்டும்.

மஞ்சக்குப்பம் அப்பாவுக்கு: ஐஸ்கிரீம் கேட்டு அழுத பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுத்தால்தான் லஞ்சம். நான் கதை வாசிப்பேன், ஐஸ்கிரீம் கிடையாது. கதை முடிந்த பிறகும் கிடையாது. பிள்ளை தோற்ற வருத்தத்தைத் தாண்ட ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் நடக்கிறது. போன் அப்படி இல்லை, அது பிள்ளையைத் தனியாக வேறு இடத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறது. உங்கள் மகள் கதைக்காக அழுவது வேறு விஷயம். படுக்கும் நேரத்துக்கு இத்தனை கதை என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு, அதில் மாறாமல் இருந்தால் தானாகக் குறையும். ஒன்று கூட வாங்கிவிட்டால்தான் என்ன, சிகரெட்டா கேட்கிறாள்?

மஞ்சக்குப்பம் அப்பா:

சிகரெட் பதிலுக்குச் சிரித்துவிட்டேன் டீச்சர். லஞ்சம் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நேரம் வாதம் இன்னும் இருக்கிறது.

லாஸ்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வீட்டில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்தில் "யானை ஆற்றங்கரைக்குச் சென்றது, தன் நண்பர்களைக் காணவில்லையே என வருந்தியது" என்று இருக்கிறது. வாசித்தால் எனக்கே அந்நியமாக இருக்கிறது. அப்படியே வாசிக்கவா, "யானை ஆத்துக்குப் போச்சாம்" என்று மாற்றிக்கொள்ளவா? பள்ளியில் கொடுத்த ஆங்கிலப் புத்தகங்களும் இருக்கின்றன. அதையும் பயன்படுத்தலாமா?

பால்வாடி டீச்சர், கடலூர்:

அழும் நேரத்தில் "போச்சாம்". நல்ல நேரத்தில் "சென்றது". பிள்ளை எந்தப் பேச்சில் தூங்குமோ அந்தப் பேச்சில்தான் அழுகையும் அடங்கும். ஆங்கிலப் புத்தகமும் அப்படித்தான். படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள். அழுகிற பிள்ளையிடம் ஸ்பெல்லிங் கேட்கக் கூடாது. கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நூலகப் பூனை:

இந்த இடத்தில் டீச்சரோடு மாறுபடுகிறேன். வரியை மாற்றாமல் வாசியுங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்ப வாசிப்பதன் பலனே வரி மாறாமல் வருவதில்தானே இருக்கிறது? இன்றைக்கு "போச்சாம்", நாளைக்கு "கிளம்புச்சாம்" என்றால் பிள்ளை திருத்தும், அழுகை நேரத்தில் அதுவே இன்னொரு சண்டையாகும். எழுத்துத் தமிழ் அந்நியமாகத் தெரிவது பெரியவர்களுக்குத்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்லாமே புதுச் சொல், "சென்றது" மட்டும் என்ன பாவம் செய்தது? வேண்டுமென்றால் முதலிலேயே பேச்சு நடையில் எழுதிய புத்தகமாகத் தேடி எடுங்கள், இப்போது நிறைய வருகின்றன.

எங்கே கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வரும், அதனால் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு பாரதி பூங்கா பக்கம் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1827ல் தொடங்கியது, இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். கடலூர்க்காரர்களுக்கு மாவட்ட மைய நூலகம். காசு கொடுத்து வாங்குவதென்றால் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் மலிவு. 1957ல் அரசு தொடங்கிய நிறுவனம் என்பதால் குழந்தைப் புத்தகம் இன்றும் எட்டும் விலையில் கிடைக்கிறது. துலிகா, பிரதம் புக்ஸ் இரண்டிலும் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் உண்டு. பிரதம் 2015ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். தரவிறக்கித் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். அச்சிடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். போனில் திறந்து வாசித்தால் பிள்ளையின் விரல் கதையை விட்டுவிட்டு யூடியூப்பைத் தேடும்.

அழுகை நேரத்துக்கு எடுக்கும்போது பக்கத்துக்கு ஓரிரு வரி உள்ளதாகப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால் நல்லது, பிள்ளை சேர்ந்து சொல்லும். கடைசியில் யாராவது வீட்டுக்குப் போவதோ தூங்குவதோ இருந்தால் இன்னும் நல்லது. நீதிக்கதையைத் தொடாதீர்கள். தம்பியைக் கடித்துவிட்டு அழுகிற பிள்ளைக்கு, தம்பியை அடித்த முயல் திருந்திய கதையை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கதை இல்லை, விசாரணைக் கமிஷன்.

திருப்பாதிரிப்புலியூர் அப்பா:

இதுவரை சொன்னது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. அவன் கத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்தாலே அதிகமாகும். மடி வேண்டாம், தொடக் கூடாது. கதையில் யானைக்கு வருத்தம், குருவிக்குச் சந்தோஷம் என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தால் காதைப் பொத்திக்கொள்வான். நடிப்பு அவனுக்குச் சத்தம். அவன் அடம்பிடிக்கவில்லை. வெளிச்சம், சத்தம், திட்டம் மாறியது என்று ஏதோ ஒன்று அவனுக்குத் தாங்காமல் போயிருக்கும். லைட்டை அணைத்து, மிக்ஸியை நிறுத்தி, ஆட்களை வெளியே அனுப்புவதுதான் முதல் வேலை.

அதன் பிறகு அவனுக்கு ஒரு வாசிப்பு உண்டு. ரயில் நிலையப் பட்டியல். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று ஒரே தட்டையான குரலில் அறைக்கு வெளியே நின்று வாசிப்பேன். ஒன்றை விட்டால் உள்ளேயிருந்து திருத்தம் வரும். திருத்தம் வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. மயிலாடுதுறை வருவதற்குள் பெரும்பாலும் கதவு திறக்கும். இதைக் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இதுதான் கதை.

ஓ.டி. தாத்தா:

தம்பி, கடலூர் துறைமுகத்தில் என்னை இறக்கிவிடுங்கள். உங்கள் பட்டியலை என் பேரனுக்கும் சொல்லிப் பார்க்கிறேன்.

தேவனாம்பட்டினம் அக்கா:

அடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பயத்தில் அழுகிற பிள்ளை வேறு. எங்கள் கடலோரத்தில் 2004 சுனாமியைப் பார்த்த தலைமுறை நாங்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை, ஆனால் காற்று அடித்தால் எங்கள் முகத்தைப் பார்த்து பயப்படக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறி அங்கேயே நகராமல் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கரண்ட் இல்லை. எங்கள் சொந்தக்காரர் வீட்டு மாடியில் மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே அறையில். கதவு ஆடினால் கத்தும், தகரம் பறந்தால் கத்தும். "ஒண்ணும் ஆகாது" என்று நாங்கள் சொன்னதை எந்தப் பிள்ளையும் நம்பவில்லை. எங்கள் குரலே நடுங்கியது, எப்படி நம்பும்?

எட்டாவது படிக்கும் எங்கள் நாத்தனார் மகள் பையிலிருந்து தன் தம்பியின் தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் வாசிக்க ஆரம்பித்தாள். கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு மறுபடி முதல் பாடத்திலிருந்து வாசித்தாள். நடுவில் பயிற்சிக் கேள்விகளையும் விடவில்லை, "பொருத்துக" வரைக்கும் வாசித்தாள். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். காற்று நிற்கவில்லை, ஆனால் அறைக்குள் காற்றைத் தவிர இன்னொரு சத்தம் வந்துவிட்டது. தூங்கிய பிள்ளைகள் தூங்கின. தூங்காதவை படுத்துக்கொண்டு கேட்டன. அலை, கப்பல் வரும் பாடத்தை மட்டும் தாண்டிப் போனாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதில் இருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பயந்த பிள்ளைக்கு முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுங்கள். அப்பா எங்கே, படகு எங்கே, தண்ணி உள்ளே வருமா, வந்தால் எங்கே போவோம். தெரிந்ததை நேராகச் சொன்ன பிறகுதான் கதை. பதில் சொல்லாமல் கதையை ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

மஞ்சக்குப்பம் அப்பா:

அந்தப் பெண் வாசித்ததைப் படித்துவிட்டு என் நேரம் வாதத்தையும் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் பெரியவன் ஐந்தாவது படிக்கிறான். அவனைத் தங்கைக்கு வாசிக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவனுக்குத் தமிழ் வாசிப்பு தடுமாறும், அதுவும் சரியாகும். ஆனால் ஒன்று. அவனுக்கு அதை வேலையாக்கிவிடக் கூடாது. "தங்கச்சி அழுறா, போய்ப் படி" என்று நாளைக்கு நானே கத்துவேனோ என்று பயம்.

வார்டு நர்ஸ்:

கத்துவீர்கள். அப்போது நீங்களே இரண்டு பக்கம் வாசியுங்கள். ஐந்து நிமிடம் போதும், குக்கர் விசில் வரும்வரை.

ஒரு எச்சரிக்கையோடு நான் முடித்துக்கொள்கிறேன். எல்லா அழுகையும் மனசு சம்பந்தப்பட்டது இல்லை. திடீரென்று அழுகை கூடினால் முதலில் பசி, தூக்கம், காய்ச்சல், காது வலி பாருங்கள். படுக்க வைத்ததும் வீறிட்டு, காதை இழுத்துக்கொண்டு அழுதால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றிலிருந்து நாலு வயது வரை அடம் சகஜம். ஐந்து வயதைத் தாண்டியும் தினமும் நீண்ட நேரம் போனால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொண்டால், பேச்சு வயதுக்கு ஏற்ப வராமல் இருந்தால், கதைப் புத்தகத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். கட்டணம் இல்லை.

லாஸ்பேட்டை மகனுக்கு நான் பார்த்தவரை பசிதான் முதல் சந்தேகம். எல்.கே.ஜி. பிள்ளை பள்ளியில் டப்பாவைப் பாதி மிச்சம் வைத்துவிட்டு வரும். வேனிலிருந்து இறங்கியதும் ஷூவை விட்டுவிடுங்கள், ஒரு வாழைப்பழம் கொடுங்கள்.

லாஸ்பேட்டை அம்மா:

டப்பா பாதி மிச்சம் என்பது உண்மைதான் சிஸ்டர், நான் யோசிக்கவே இல்லை.

இப்போதைக்கு அழும்போது வாசிப்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டபின் தினமும் ஒரே புத்தகத்தை வாசிக்கிறோம். அழுகை குறைந்ததா என்று இப்போதே சொல்ல முடியாது. போன் கேட்பது அப்படியேதான் இருக்கிறது. ஒரு முன்னேற்றம், மாமியாரும் வாசிக்க ஆசைப்படுகிறார். "சென்றது"தான் அவருக்குப் பிடிக்கிறது, அவர் காலத்துப் பாடப் புத்தகம் அப்படித்தானாம். ஆனால் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியவில்லை. பெரிய எழுத்தில் குழந்தைப் புத்தகம் கிடைக்குமா?

நூலகப் பூனை:

தனியாகத் தேட வேண்டாம். ஸ்டோரிவீவரில் முதல் நிலைக் கதை ஒன்றைத் தரவிறக்கி, ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கி எடுங்கள். கறுப்பு வெள்ளையே போதும், பையன் கலர் அடித்துக்கொள்வான். ஸ்பைரல் போடச் சொல்லாதீர்கள், எறிந்தால் கம்பி குத்தும். ஓரத்தில் நூல் கோத்துத் தைத்துவிடுங்கள்.